கேதம் சொல்லும் நோட்டு

ஜனவரி 4

மருமகள் சேர்ந்திருக்கிற சத்துமாவுக் கம்பெனியின் கோமதி மேடம் இந்த டைரியை மேடையில் வைத்துக் கொடுத்தார். மதுரையில், ஏசி போட்ட ஹோட்டல் ஹாலில். "அருப்புக்கோட்டை சீனியம்மாள் மேடம்" என்று மைக்கில் கூப்பிட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன். மருமகள் சுகந்திதான் இடித்தாள். அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக மேடம் ஆகியிருக்கிறேன்.

அஞ்சாம் கிளாஸோடு என்னை நிறுத்தியது எங்கள் அப்பா. என் மூளையை யாரும் நிறுத்தவில்லை. அந்த ஹாலில் டிகிரி படித்த பிள்ளைகள் போனில் தமிழ் அடிக்கத் தெரியாமல் இங்கிலீசு எழுத்தில் தமிழை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தமிழிலேயே அடிப்பேன், அதுவும் ஒரே விரலில்.

டைரியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் "இன்று நான் பேசியவர்கள்" என்று அச்சடித்து மூன்று கோடு விட்டிருக்கிறது. தினமும் மூன்று பெயரை நிரப்ப வேண்டும் என்று மேடம் சொன்னார். மூன்று பேரிடம் பேசினால் ஒருவர் சத்துமாவு டப்பா வாங்குவாராம்.

வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரர் டைரியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் நூல் மில்லில் கிடந்த மனுஷன், எதையும் தடவிப் பார்த்துத்தான் பேசுவார்.

"என்கிட்ட பேசுறதையும் இதுல எழுதுவியா சீனி?"

"வீட்டு ஆள் கணக்குல வராது" என்றேன்.

ஜனவரி 6

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. குடமெல்லாம் நிரப்பி முடிக்கும்போது கோமதி மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். சுகந்தியின் டப்பா வியாபாரம் இரண்டு மாதமாகப் படுத்துக் கிடக்கிறது. அவளுக்குத் தெரிந்தவர்கள் எட்டுப் பேர், அதில் நாலு பேர் அவள் தங்கச்சிகள்.

மேடம் என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரிஞ்சவங்க பேரெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்கம்மா. நூறு பேர் தேறுமா?" என்றார்.

"நூறா? பேப்பர் எதுக்கு, இருங்க" என்று போய் என் நோட்டை எடுத்து வந்து மேடம் மடியில் வைத்தேன்.

இந்த நோட்டைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், முதலில் யாருக்கு, பிறகு யாருக்கு என்று இதில் எழுதி வைத்திருக்கிறேன். கேதம் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. பிறந்த வீட்டுக்குச் சொல்லுமுன் பங்காளிக்குச் சொல்லிவிட்டால் போச்சு. என் மாமியார் செத்த அன்றைக்கு ஒரு சம்பந்தக்காரர் மாலையோடு தெருமுனை வரை வந்து, தனக்கு ரெண்டாவதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும், மாலையை வேப்பமரத்தில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அப்புறம்தான் நான் இந்த நோட்டைப் போட்டேன். அதிலிருந்து எந்த வீட்டில் கேதம் என்றாலும் "சீனியம்மா நோட்டைக் கேளு" என்பதுதான் பேச்சு. இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் நம்பர். என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவனுக்கு அத்தை வீட்டு நம்பர்கூடத் தெரியாது. எல்லாம் என்னிடம்தான்.

மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க தங்கச் சுரங்கத்து மேல உக்காந்திருக்கீங்க" என்றார்.

இவர் கட்டிலிலிருந்து, "அது கேதம் சொல்ற நோட்டு சீனி. அத வச்சு யாவாரம் பண்ணாத" என்றார்.

"சாவுக்கு மட்டும்தான் பேசணுமா? நல்லதுக்கும் நாலு வார்த்தை பேசுவோமே" என்றேன். மேடம் கை தட்டினார். அந்த வரியை வகுப்பில் சொல்லப் போகிறாராம்.

ஜனவரி 9

ஏற்கெனவே "நம்ம சொந்தம்" என்று ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருந்தேன். நல்லது கெட்டது சொல்ல. அதற்கு "ஆரோக்கியக் குடும்பம்" என்று பெயர் மாற்றி, விட்டுப்போனவர்களையும் சேர்த்தாயிற்று. மேடமும் நானும் அட்மின். மேடம் கூடவே நாற்பது விருந்தினர்களைச் சேர்த்தார். யார் எவர் என்று தெரியவில்லை, எல்லோரும் கை கூப்புகிற படம் போட்டார்கள்.

ஏழு சொந்தக்காரர்கள் வெளியேறினார்கள். கை தவறிப் பட்டிருக்கும்.

ஜனவரி 17

வகுப்பு. மேடம் சொன்னது: எடுத்த எடுப்பில் டப்பாவைப் பற்றிப் பேசக் கூடாது. முதல் நாள் உடம்பை விசாரிக்க வேண்டும். இரண்டாம் நாள் பிள்ளைகளை விசாரிக்க வேண்டும். மூன்றாம் நாள் டப்பா. காலை ஆறு மணிக்கு குரூப்பில் வணக்கம் போட வேண்டும். யார் டப்பா வாங்கினாலும் டப்பாவோடு நிற்கிற படத்தைப் போட வேண்டும், எல்லோரும் கை தட்ட வேண்டும். குறையான பேச்சு, அழுகை, சாவு, கடன் இதெல்லாம் குரூப்பில் வரவே கூடாது. வந்தால் அட்மின் உடனே அழிக்க வேண்டும்.

கடைசி விதியை அழகாக எழுதிப் போட நான்தான் ஒத்துக்கொண்டேன். "நம் குடும்பத்தில் நல்ல செய்தி மட்டுமே" என்று போட்டேன். மேடம் அதை மற்ற குரூப்புகளுக்கும் அனுப்பினார்.

இன்று நான் பேசியவர்கள்: என் தம்பி பூமிநாதன் (சாத்தூர்), இவர் தங்கச்சி நாச்சியார் (கோவில்பட்டி), பந்தல்குடி ஊர்க்காவலன்.

ஜனவரி 20

தம்பி மூன்று டப்பா வாங்கினான். அக்கா சொல்லித் தட்டுவானா.

பிப்ரவரி 11

இவருக்கு மூச்சு இழுத்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நெஞ்சில் மில்லுப் பஞ்சு இன்னும் இருக்கிறது என்கிற மாதிரி டாக்டர் பேசினார். உறிஞ்சுகிற மருந்து கொடுத்திருக்கிறார்கள். வரும்போது தக்காளி மலிவாக இருந்தது, இரண்டு கிலோ வாங்கினேன்.

பிப்ரவரி 14

நேற்று மேடம் போன். "அடுத்தவங்க அனுபவத்தை விட உங்க வீட்டு அனுபவம்தாம்மா ஜனங்களுக்கு வேணும். அய்யாவுக்கு மூச்சுத் திணறல்னு சுகந்தி சொன்னாங்களே. இப்ப பரவாயில்லைல்ல?"

பரவாயில்லைதான். காலையில் எழுந்து அவராகவே பல் விளக்கினார்.

காலை ஆறு மணிக்கு குரூப்பில் வாய்ஸ் போட்டேன். என் குரலுக்கென்று ஒரு எடுப்பு உண்டு. "எங்க வீட்டுக்காரர் பத்தடி நடந்தா மூச்சு வாங்குவார். நாப்பது நாள் சத்துமாவு குடிச்சார். நேத்து மலைக்கோயில் படி அறுபதையும் நிக்காம ஏறினார்" என்றேன்.

இவர் காப்பியை ஊதிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த மலை சீனி?" என்றார்.

"ஏதோ ஒரு மலை."

"இறங்கினேனா, இல்ல அங்கயே இருக்கேனா?"

இந்த மனுஷனுக்கு எப்போதும் விளையாட்டுத்தான். நாற்பத்தாறு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். நம் ஆட்கள் ஆறு பேர், மற்றவர்கள் விருந்தினர்கள். நம் ஆட்களுக்குக் காலையில் வேலை இருக்கும்.

பிப்ரவரி 20

நாச்சியார் போன் போட்டாள். பத்தாவது வரை படித்தவள் என்ற மிதப்பு அவளுக்கு உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் நான் கடிதம் எழுதினால் சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பிக் கொடுத்தவள். இன்று பாருங்கள், நான் அட்மின், அவள் என் குரூப்பில் ஒரு ஆள்.

உடம்பை விசாரித்தேன். பிள்ளைகளை விசாரித்தேன். மூன்று நாள் காத்திருப்பானேன் என்று டப்பாவையும் சொன்னேன்.

"மதினி, நான் எங்கண்ணன்கூடப் பேசப் போட்டேன். அவர்கிட்ட குடுங்க" என்றாள்.

இவர் இரண்டு அடி தள்ளிக் கட்டிலில் படுத்திருந்தார். குரல் கொடுத்தால் இழுப்பு கேட்டுவிடும். போன வாரம்தான் மலை ஏறினார் என்று சொல்லியிருக்கிறேன். "அவரு நடக்கப் போயிருக்காரு நாச்சியா. இப்பெல்லாம் வீட்டுலயே இருக்கிறதில்ல" என்றேன்.

"அவ்வளவு நல்லாயிட்டாரா? சந்தோசம். வரணும்னு நெனச்சேன், சரி, சித்திரைப் பொங்கலுக்கே வந்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூக்கம் போல.

மார்ச் 3

வற்றல் போட்டேன். சுகந்தி மாவைத் தண்ணியாகக் கிண்டிவிட்டாள், பாதி துணியோடு ஒட்டிக்கொண்டது.

நாச்சியார் குரூப்பிலிருந்து வெளியேறினாள். கையெல்லாம் தவறவில்லை, திமிர்.

மார்ச் 12

காலையில் முக்கியமான கூட்டம். குரூப்பிலேயே ஒரு மணி நேரம் அனுபவம் சொல்கிற கூட்டம், கம்பெனியிலிருந்து பெரிய ஆள் ஒருவர் வந்திருந்தார். ஆறே காலுக்கு நான் பேச வேண்டும். ஆறு பத்துக்கு ஊர்க்காவலன், "எங்க அம்மா விடியக்காலம் தவறிட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம்" என்று போட்டுவிட்டான். கூடவே கண்ணாடிப் பெட்டியில் அந்தம்மாவின் படம். கீழே சுகந்தியின் தங்கச்சி டப்பாவோடு சிரிக்கிற படம்.

மேடம் தனியாக, "அம்மா உடனே பாருங்க" என்று அனுப்பினார். நான் அழித்தேன். விதி நான் எழுதியதுதானே, எனக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயமா. ஊர்க்காவலனை மத்தியானம் தனியாகக் கூப்பிட்டுக் கேதம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

என் பேச்சு நன்றாக அமைந்தது. பெரிய ஆள், "அம்மாவிடமிருந்து நாம் கற்க வேண்டும்" என்றார்.

மார்ச் 13

நேற்று மத்தியானம் போன் செய்ய விட்டுப்போனது. இன்று செய்தேன், எடுக்கவில்லை.

மார்ச் 15

இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டீக்கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். டீக்கடை வரை எப்படி நடந்து போனாரோ.

வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு அடங்கும் வரை பேசவில்லை. பிறகு, "ஊர்க்காவலன் ஆத்தா கேதத்துக்கு நாம போகல சீனி" என்றார்.

"எனக்கு அன்னிக்கு எவ்வளவு வேலை தெரியுமா?"

"எங்கம்மா செத்தப்ப ஒப்பாரி வைக்க மூணு நாள் இங்கயே கிடந்தது அந்தம்மா. நம்ம வீட்டுக்கு எவன் வருவான்?"

"எல்லாரும் வருவாங்க. இருநூத்திப் பன்னெண்டு வீடும் என் கைக்குள்ள இருக்கு" என்றேன்.

ராத்திரி அவர் சாப்பிடவில்லை. இரண்டு தோசையையும் நானே சாப்பிட்டேன், வீணாக்குவானேன்.

மார்ச் 16

குரூப்பில் இனி அட்மின் மட்டும்தான் எழுத முடியும் என்று மேடம் மாற்றிவிட்டார். நல்லதுதான். சலசலப்பு இல்லை.

மார்ச் 30

பாலவநத்தத்தில் காதுகுத்து. பந்தியில் என் பக்கத்து இலை இரண்டும் காலியாகவே இருந்தன. எதிர் வரிசையில் பூமிநாதன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள், நான் இந்தப் பக்கம் வந்து அமர்ந்ததும் பாயசத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டாள். பாயசம் சரியில்லை போலிருக்கிறது. எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

டப்பா படம் போட்டு ஐந்து நாள் ஆகிறது. அனுப்பினது யார் யார் பார்த்தது என்று போனிலேயே தெரியும். நாற்பத்தோரு பேர் பார்த்திருக்கிறார்கள், நாற்பது பேர் விருந்தினர்கள். கிராமத்தில் டவர் கிடைப்பதில்லை.

இன்று நான் பேசியவர்கள்: சுகந்தி. (மேடம் கேட்டால் வேறு பெயர் சொல்லிக்கொள்ளலாம்.)

ஏப்ரல் 19

இரண்டு நாளாக இவர் கஞ்சிதான். பின்னால் தலையணை மூன்று வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "நாச்சியாருக்கு ஒரு போன் போடு சீனி. நான் பேசணும்" என்றார். சித்திரைப் பொங்கலுக்கு வருகிறேன் என்றவள் வரவில்லையே என்று இருந்திருக்கிறது.

போட்டுக் கொடுத்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, பேசுவதற்கு முன்னாலேயே சிரித்த முகமாக இருந்தார். அடித்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னார். அதுவும் அடித்து நின்றது. மூன்றாவது தடவை பாதியிலேயே கட் ஆனது.

"வேலையா இருப்பா" என்றேன்.

போனை என் கையில் கொடுத்தார். "உன் நம்பர் இல்லாம வேற நம்பர்ல இருந்து போடேன்."

"ஏன், என் நம்பருக்கு என்ன? என் நம்பர்ல என்ன குஷ்டமா புடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். சுகந்தி போனும் சார்ஜ் போட்டுப் பக்கத்தில்தான் இருந்தது.

அவர் ஏதோ பேச வைத்திருந்ததை விழுங்கிக்கொள்கிற மாதிரி எச்சில் கூட்டி விழுங்கினார்.

ஏப்ரல் 20

கேஸ் தீர்ந்துவிட்டது.

மே 6

காலை பத்தே முக்காலுக்குப் போய்விட்டார்.

மே 11

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் வைத்தால் உள்ளே கிடந்து அறுக்கிறது.

அன்று சுகந்தி, "அத்தை, நீங்க உக்காருங்க, நான் எல்லாருக்கும் சொல்றேன்" என்றாள். விடவில்லை. இந்த வீட்டில் கேதம் சொல்வது நான்தான். நோட்டை எடுத்தேன். முதலில் பிறந்த வீடு, ஏனென்றால் எனக்குக் கோடிச்சேலை கொண்டுவர வேண்டியவன் என் தம்பி. எடுப்பதற்கு முன் அந்தச் சேலை வந்து என் மேல் விழ வேண்டும், இல்லாவிட்டால் நாதியற்றவள் என்று அர்த்தம்.

தம்பிக்குப் போட்டேன். எடுக்கவில்லை. நாச்சியாருக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. வரிசைப்படி போட்டேன். வரிசை தப்பக் கூடாது என்பதால் எடுக்காதவர்களுக்கு மறுபடி போட்டுவிட்டுத்தான் அடுத்தவர்களுக்குப் போனேன். சில நம்பர்கள் ஒரு தடவை அடித்ததும் கட் ஆயின. சில நம்பர்களில் சுவிட்ச் ஆப் என்று சொல்கிற அந்தப் பெண் குரல் மட்டும் பேசியது. எடுத்த ஒருத்தி நான் வாயைத் திறக்குமுன், "அக்கா வெளிய போயிருக்கு" என்று வைத்துவிட்டாள். அவளேதான் அந்த அக்கா, குரல் தெரியாதா எனக்கு. சுகந்தியும் தன் போனில் போட்டுப் பார்த்தாள். டப்பா கொண்டுபோய்க் கொடுக்க அவள் போனில் இருந்துதான் பேசுவோம், அதையும் யாரும் எடுக்கவில்லை. மகன் திருப்பூரிலிருந்து பஸ் ஏறிவிட்டான், அவனிடம் எவர் நம்பரும் கிடையாது.

பதினொன்றரைக்கு குரூப்பில் போட்டேன். "என் கணவர் குருவையா இன்று காலமானார். மாலை ஐந்து மணிக்கு எடுக்கிறோம்." ஒற்றை விரலால் அடித்ததில் மூன்று தடவை தப்பாகி, மூன்று தடவை திருத்தினேன். போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண் முன்னாலேயே அது இல்லாமல் போய்விட்டது. அட்மின் நீக்கினார் என்று வந்தது.

பிறகு மேடத்திடமிருந்து தனியாக: "ஆழ்ந்த அனுதாபங்கள் அம்மா. பதினொரு மணிக் கூட்டம் நடக்குது, விருந்தினர் இருக்காங்க. நீங்க எழுதின விதிதானே, நீங்களே புரிஞ்சுக்குவீங்க. தைரியமா இருங்க." கை கூப்புகிற படம்.

பக்கத்து வீட்டு பாத்திமுத்து, பூ கட்டுகிறவள், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். "எக்கா, இந்தா என் போன்ல போடு" என்று மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பட்டன் போன். தம்பி நம்பரை நோட்டைப் பார்த்து அமுக்கினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "யாருங்க?"

"பூமி, நான் அக்கா பேசுறேன்டா."

நான் மேலே பேசுமுன், "எக்கா, இனி என்னால ஆகாது. வேற நம்பர்ல வந்தாலும் இதேதானா? மூணு டப்பாவும் மூடி திறக்காம அப்படியே இருக்கு. மாட்டுக்கு வச்சோம், மாடு மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. சும்மா விட்டுரு எங்கள" என்றான்.

"டப்பா இல்லடா. உங்க அத்தான் போயிட்டாரு."

"எங்க போனாரு? இப்ப எந்த மலைக்கு?"

அவன் வேண்டுமென்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அழுகை வரவில்லை. பாத்திமுத்துதான் போனை வாங்கி, "அண்ணே, உங்க மச்சான் மவுத்தாயிட்டாரு. வாங்க" என்றாள்.

அவள் போனிலிருந்தே மற்றவர்களுக்கும் போட்டோம். தெரியாத நம்பர் என்று பாதிப் பேர் எடுக்கவில்லை. நாச்சியாரும் எடுக்கவில்லை. தம்பி தன் போனிலிருந்து அவளுக்குப் போட்டுச் சொல்லும்போது மணி நாலாகிவிட்டது.

தம்பி மூன்று மணிக்கு வந்தான். கோடிச்சேலை போட்டான், கடைச் சீட்டுக்கூடப் பிய்க்காமல் அப்படியே. இவர் காலைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிட்டாருன்னு சொன்னியேக்கா, படி ஏறுறாருன்னு சொன்னியே. நான் பாக்க வராமலே இருந்துட்டேனே" என்று அழுதான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் சாவுக்கு மூன்று வேனில் சனம் வந்தது. இவருக்குச் சொந்தத்தில் பத்தொன்பது பேர். தூக்க ஆள் பற்றாமல் பாத்திமுத்து புருஷன் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆள் கூட்டி வந்தான். ஊர்க்காவலன் வந்தான். அவனுக்கு யார் சொன்னார்களோ. மாலையைப் போட்டான், என் மகனிடம் கை நீட்டித் துக்கம் கேட்டான், என் பக்கம் பார்க்காமல் போய்விட்டான். மாலையை மரத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாச்சியார் ஆறரை மணிக்கு வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

மே 15

மேடம் பேசினார். துக்கத்திலிருந்து நான் எப்படி மீண்டேன் என்று ஒரு வாய்ஸ் போட்டால் நிறையப் பெண்களுக்கு தைரியமாக இருக்குமாம். "சத்துமாவைப் பத்திக் கடைசியில ஒரு வரி போதும்மா."

"மீளும்போது சொல்லி அனுப்புறேன் மேடம்" என்றேன்.

சுகந்தி மிச்ச டப்பாக்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாள்.

மே 21

பதினாறாம் நாள். எல்லோரும் வந்தார்கள். தம்பி மூலமாகச் சொன்னதால் வந்தார்கள். சமையல் நன்றாக இருந்தது, இன்றைக்கு யாரும் பாதி இலையில் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்கும்போது நாச்சியார் அடுப்படிக்கு வந்தாள். கதவுப் பக்கம் நின்றாள். இவருக்கு இருக்கிற அதே மூக்கு, அதே மாதிரி பேசுமுன் எச்சில் கூட்டி விழுங்குகிறாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"உங்க நம்பரைப் பாத்தாலே நான் போனைக் கவுத்து வச்சிருவேன். மறைக்க ஒண்ணுமில்ல. போன மாசம் ஒரு நாள் சாயங்காலம், நான் பூ பறிச்சுக்கிட்டு இருந்தேன், அடுத்தடுத்து மூணு தடவை வந்துச்சு. மூணாவது தடவை எரிச்சல்ல கட் பண்ணினேன். நீங்க எப்பவும் ஒரு தடவைதான் போடுவீங்க, எடுக்கலைன்னா வாய்ஸ் அனுப்புவீங்க. அன்னிக்கு மட்டும் ஏன் மூணு தடவை? பதினாறு நாளா இதுதான் மண்டைக்குள்ள ஓடுது. அது நீங்கதானா? இல்ல எங்கண்ணனா?"

கையில் சோற்றுக் குண்டான். சுகந்தி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு அவளும் வீட்டில் இருந்தாள்.

சிவப்புப் பேனாவால் என் கடிதத்தைத் திருத்தினவள். நாற்பது வருஷமாக இவளை ஒரு நாளாவது மட்டம் தட்ட வேண்டும் என்று இருந்திருக்கிறேன். இப்போது ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும், சாகிற வரை எழுந்திருக்க மாட்டாள்.

"நான்தான்" என்றேன். "டப்பா விஷயமா. அன்னிக்கு சலுகை விலை கடைசி நாளு. அதான் மூணு தடவை போட்டேன்."

"நெசமாவா?"

"பின்ன? உங்கண்ணன் அன்னைக்கு நல்லா தூங்கிட்டு இருந்தாரு."

அவள் மூச்சை விட்டாள். பதினாறு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. அப்புறம் முகம் மாறியது.

"எங்கண்ணன் உசுருக்கு இழுத்துக்கிட்டு இருக்கையில சலுகை விலைக்கு மூணு தடவை போன் போட்டிருக்கீங்க. நீங்கள்லாம் ஒரு பொம்பளையா மதினி?"

"ஆமா, நான் அப்படித்தான்" என்றேன்.

இனிமேல் இந்த வாசல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பிகூடத் தலையைக் குனிந்துகொண்டான். சுகந்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். குண்டானை அவள் கையில் கொடுத்து, "தேய்ச்சு வை, அடிப்பிடிச்சிருக்கு" என்றேன்.

இந்த டப்பா வியாபாரத்தில் நான் எத்தனையோ பொய் அளந்தேன். அவர் மலை ஏறினதுக்கு அப்புறம் ஒருத்தர் அப்படியே நம்பினது இது ஒன்றைத்தான்.

மே 24

குரூப்பிலிருந்து வெளியேறினேன். மேடம், "கை தவறிப் பட்டிருச்சா அம்மா?" என்று கேட்டு அனுப்பினார்.

தண்ணீர் வந்தது. பிறகு உட்கார்ந்து நோட்டைப் புதிதாக எடுத்து எழுதினேன். பெயர்களும் வரிசையும் பழையபடிதான். முதல் பக்கத்தில் மட்டும் சுகந்திக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: "எனக்குக் கேதம் சொல்லும்போது என் நம்பரிலிருந்தும் உன் நம்பரிலிருந்தும் சொல்லாதே. பாத்திமுத்து போனைக் கேட்டு வாங்கிக்கொள். நாச்சியாருக்கு மட்டும் ஆள் விட்டு நேரில் சொல். வரவில்லை என்றால் விட்டுவிடு, காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள்."

இன்று நான் பேசியவர்கள்: இவரிடம் கொஞ்சம் பேசினேன். வீட்டு ஆள்தான், இருந்தாலும் எழுதிவிட்டேன். மற்ற இரண்டு கோடும் காலியாக இருக்கட்டும்.